காற்று மெத்தையும் கறுப்பு டேப்பும்

யார் வந்தாலும் அம்மா முதலில் சுவரைத்தான் காட்டுவாள். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான். அந்தக் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் நடுங்கும். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டும்போது மட்டும் குச்சி மாதிரி நேராக நிற்கும்.

"என் பொண்ணு எடுத்தது" என்பாள். மற்ற பேச்செல்லாம் கொஞ்சம் குழறினாலும் இந்த மூன்று வார்த்தை சுத்தமாக வரும்.

வந்தவர்கள் படத்தைப் பார்த்து முடித்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் பெரியவளைப் பார்ப்பார்கள். "இவங்க?"

"இவளா? இவ இங்கதான் இருக்கா."

ஏதோ அலமாரியைச் சொல்வது போலச் சொல்வாள். பெரியவள் மடித்த துணியைப் பிரித்து இன்னொரு தடவை மடிப்பாள்.

படத்தில் இருப்பது ஒரு மாடிப்படி. படி மட்டும்தான் இருக்கிறது. அது ஏறிப் போகவேண்டிய மாடி இல்லை, குண்டில் போய்விட்டது. அந்தப் படியை ஒரு பெண் குனிந்து பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் படம். போர்க்களத்துக்குப் போய்ப் படம் எடுக்கிற சின்னவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அது. எத்தனையோ நாட்டுப் பத்திரிகைகளில் வந்துவிட்டது. கண்ணாடி போட்டு மாட்டிய அந்தப் படத்தைத் தினம் துடைப்பது பெரியவள். துடைத்துவிட்டுக் கீழே இறங்கி அறையைப் பெருக்குவாள். அந்தப் பெண் பெருக்கியதை ஊர் உலகமே பார்த்துக் கண்ணீர் விட்டது. தான் பெருக்குவதைப் பார்க்க ஒரு நாதி இல்லை என்று அவள் நினைத்துக்கொள்ளாத நாளே கிடையாது.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, வெளி ஆள் ஒருவர் எதிரில், அம்மா தன்னைக் காட்டி "என் பொண்ணு" என்று சொல்ல வேண்டும்.

கேமரா முதலில் வந்தது பெரியவளுக்குத்தான். அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா, அவள் பள்ளிக்கூடம் முடித்தபோது யாரிடமோ சொல்லி வைத்துப் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தார். குடும்பத்தோடு பூங்காவுக்குப் போனார்கள். பெரியவள் ஒரு ரோல் முழுக்க எடுத்தாள். கழுவி வந்த படங்களில் அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் கழுத்து வரை அழகாக நின்றார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவ கைக்கு இது ஆகாது. சின்னவகிட்ட குடுங்க" என்றாள். கேமரா கை மாறியது. பெரியவள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போனாள்.

அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில், வேறு இடங்களில் படுக்கைப் புண்ணோடு வருகிறவர்களை அவளுடைய வார்டுக்குத்தான் அனுப்புவார்கள். அம்மா விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் என்று ஒன்று இளவயசிலேயே பேச்சோடு நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆறு வருஷமாக அம்மா படுக்கையில். உடம்பில் ஒரு புண் கிடையாது. அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுவாள். யாரும் வந்து பார்க்கவில்லை. புண் இருந்தால் பார்க்க வருவார்கள், இல்லாததை யார் வந்து பார்ப்பார்கள்?

சின்னவள் ஒரு செய்தித்தாளில் சேர்ந்தாள். உடைந்த தண்ணீர்க் குழாய், பரிசளிப்பு விழா, விபத்தில் சப்பையான வண்டி என்று நாலைந்து வருஷம். எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை தொடங்கியபோது, போக வேண்டிய ஆளுக்கு மஞ்சள் காமாலை. அலுவலகத்தில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இவள் பையைத் தூக்கிக்கொண்டாள். அன்றைக்குப் போனவள்தான். அதற்குப் பிறகு ஒரு சண்டை ஓய்ந்தால் இன்னொன்று. வீட்டுக்கு வருவது விருந்தாளி மாதிரி.

அவள் வேலை செய்கிற விதம் மற்றவர்களைப் போல இருக்காது என்று சொல்வார்கள். தூரத்தில் நின்று நீளக் குழல் வைத்து எடுக்க மாட்டாள். சின்ன லென்ஸைப் போட்டுக்கொண்டு, பேசும் தூரத்துக்குப் போய், எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். துப்பாக்கி தூக்கியவர்களைவிட, துப்பாக்கி போன பிறகு வீட்டைத் தேடி வருகிறவர்கள்தான் அவளுக்கு வேண்டும். ஆண்கள் நுழைய முடியாத சமையலறைகளில் உட்கார்ந்து, வெங்காயம் நறுக்கிக் கொடுத்து, அப்புறம் மெதுவாகக் கேமராவை எடுப்பாள். ஒரு தடவை பக்கத்துக் கட்டடத்தில் குண்டு விழுந்து இடது காது பாதி போய்விட்டது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள், தங்கை எப்போதும் வலது காதை எதிராளி பக்கம் திருப்பி உட்காருவதைப் பார்த்த உடனேயே. கண்டுபிடித்தும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும், அம்மா அதையும் நாலு பேரிடம் சொல்லுவாள் என்ற எரிச்சல்தான்.

இந்தத் தடவை சின்னவள் வந்தது ஒரு வாரத்துக்கு. வரும்போதே குண்டு துளைக்காத சட்டையைக் குளியலறைக் கதவின் பின்னால் மாட்டினாள். அதன் கனத்தில் கொக்கி ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. புது ஸ்க்ரூ போட்டு முடுக்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அம்மா வானத்தில் பறந்தாள். பெரியவள் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்கிறவள், சின்னவள் நீட்டினால் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள்.

"பாத்தியா, கிண்ணம் காலி" என்றாள் சின்னவள்.

"தாடையைக் கீழ எறக்கி வெச்சுக் குடுத்தியா?"

"குடுத்தேன்க்கா. நீ சொன்ன மாதிரியேதான்."

குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது பெரியவளுக்கு அன்றைய பகல் முழுவதையும் கெடுத்தது.

"சாப்பிட்டியா கண்ணு? தூங்கினியா கண்ணு? ஃபேனை அவ பக்கம் திருப்புடி" என்று அம்மா படுத்த இடத்திலிருந்தே உபசாரம் செய்தாள். கண்ணு சின்னவள், டி பெரியவள். அலமாரியில் மேல் தட்டில் வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் தட்டு இறங்கியது. அதைக் கழுவி மறுபடி மேலே வைக்க ஸ்டூல் போட்டு ஏறியவள் பெரியவள். ஏறும்போது முழங்கால் கடகட என்றது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஒரு பத்திரிகையிலிருந்து ஆள் வரப்போவதாகச் சின்னவள் சொன்னாள். அவளுடைய வாழ்க்கையையும் வேலையையும் பற்றி நாலு பக்கம் எழுதப் போகிறார்கள். அம்மாவோடு ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எப்ப வராங்க?" அம்மாவின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது.

"நாளை மறுநாள்மா."

"அப்ப இந்த ரெண்டு நாளும் நீயே என்னைப் பாத்துக்கோ கண்ணு. அம்மாவை எப்படிப் பாத்துக்கிறேன்னு கேட்டா உனக்கும் சொல்ல வேணாமா?" என்றாள் அம்மா. பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, "நீயும் கொஞ்சம் ஓய்வா இரேன்டி."

அம்மா அதை நல்ல மனசோடுதான் சொன்னாள். பெரியவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஆறு வருஷம் கழுவியது இவள். கேட்டால் சொல்வதற்கு ரெண்டு நாள் அவள்!

"பாத்துக்கட்டுமே" என்றாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். முட்டிக்கு நடுவுல தலையணை. குதிகால் படுக்கையில படக்கூடாது. அவ்வளவுதான். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடுபோட்டாள். வீட்டில் இருந்த திரைச்சீலை, தலையணை உறை, கைக்குட்டை வரை தேய்த்தாள். அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் பெட்டியை அழுத்தினாள். நடுவில் இரண்டு தடவை எழுந்து கதவு வரை போனாள். சின்னவள் அம்மாவைத் திருப்பியிருந்தாள். தலையணையும் சரியாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டாள். உள்ளே போகவில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்மாவுடையது போலக் காற்று மெத்தை போட்ட படுக்கை என்றால், நோயாளியின் இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல் பார்க்க வைத்து நுழைத்துப் பார்ப்பார்கள். உடம்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு விரல் கனமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் மெத்தை செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நிமிஷ வேலை. பெரியவள் இதைக் காலையில் பல் தேய்ப்பது போலச் செய்து வந்தவள். வித்தை இல்லை என்று சொன்ன பட்டியலில் இதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்தும் அல்ல. கை தானாகச் செய்கிற வேலை வாயில் வரவில்லை. அந்த இரண்டு நாளும் தானும் செய்யவில்லை.

பத்திரிகைக்காரர் வருகிற நாள் காலையில் சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, அம்மாவுக்கு நல்ல துணி மாத்தணும். கையை எப்படி நுழைக்கிறதுன்னே தெரியல. நீ வாயேன்."

அதற்காவது கூப்பிட்டாளே என்று பெரியவள் உள்ளே போனாள். கட்டில் ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்தது.

"இதை யாரு நகர்த்தினா?"

"நான்தான். இங்க வெளிச்சம் நல்லா விழுது. ரெண்டு நாளா இங்கதான் இருக்கு, நீ பாக்கலியா?"

பார்த்துத்தான் இருந்தாள், வாசலிலிருந்து. அப்போது அழைப்பு மணி அடித்தது. பத்திரிகைக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சின்னவள் கூடத்துக்குப் போனாள்.

பெரியவள் அம்மாவை ஒருக்களித்துத் திருப்பினாள். வால் எலும்புக்கு மேலே ஒரு காசு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். இது வெளுக்கவில்லை. சிவப்பு அப்படியே நின்றது. தோல் இன்னும் கிழியவில்லை; கிழிவதற்கு முந்தைய கட்டம்.

மெத்தைக்கு அடியில் கையை விட்டாள். காற்று இல்லை. பலகைக்கும் அம்மாவின் எலும்புக்கும் நடுவே அவள் கை நசுங்கியது.

குனிந்து பார்த்தாள். கட்டிலை இழுத்தபோது காற்றுக் குழாய் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. காற்று குறைந்தால், மெத்தைக்குக் காற்று அடிக்கும் பம்ப் கத்த வேண்டும், சிவப்பாக எரிய வேண்டும். கத்தவில்லை, சத்தத்தை நிறுத்தும் பொத்தான் அமுக்கியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதன் மேல் கறுப்பு டேப்பைச் சதுரமாக நறுக்கி, ஓரம் தூக்காமல், அழகாக ஒட்டியிருந்தது.

அந்த டேப் யாருடையது என்று துப்பறிய வேண்டிய அவசியம் இல்லை. சின்னவளின் இரண்டு கேமராவிலும் அதேதான். பளபளக்கிற இடம், எழுத்து, சின்னச் சின்ன விளக்கு எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப். இருட்டில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் போதும், எதிர்ப்பக்கத்திலிருந்து சுட்டுவிடுவார்கள். 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் அதே கதி. எந்த ஊரில் எந்த அறையில் படுத்தாலும் முதல் வேலையாக விளக்குகளை மூடுவாள், சத்தங்களை நிறுத்துவாள். அதுதான் அவளை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தது. வந்த அன்றே அம்மாவின் அறையிலும் கை தானாக அதைச் செய்திருக்கிறது.

பெரியவள் நிமிர்ந்தாள். குழாயை மாட்டினாள், பம்ப் சத்தத்தைத் திறந்துவிட்டாள், அம்மாவை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தலையணை கொடுத்தாள். கை இதையெல்லாம் செய்துகொண்டிருக்க, வாய்க்குள் ஒரு வாக்கியம் உருண்டு திரண்டுகொண்டிருந்தது. 'ஊர்ல உலகத்துல இருக்குற புண்ணையெல்லாம் படம் எடுத்தவ, ஆறு வருஷமா புண்ணில்லாத அம்மாவுக்கு ஒரு புண்ணைக் கொண்டுவந்துட்டா.' நல்ல வாக்கியம். பத்திரிகைக்காரர் எழுதிக்கொள்ள வசதியாக, எடுப்பாக, சுருக்கமாக இருந்தது. இப்படி ஒன்று கையில் கிடைக்க அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கூடத்தில் சக்கர நாற்காலி தயாராக நின்றது. பத்திரிகைக்காரர் இளவயசுக்காரர்; சோபாவின் நுனியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"அக்கா, அம்மா ரெடியா? நாற்காலியில உட்கார வெச்சு, அந்தப் படத்துக்குக் கீழ..."

"உட்கார வைக்க முடியாது" என்றாள் பெரியவள்.

"பத்து நிமிஷம்தான்."

"ஒரு நிமிஷம்கூட முடியாது. வால் எலும்புகிட்ட செவந்துபோயிருக்கு. உட்கார்ந்தா பாரம் முழுக்க அங்கதான் எறங்கும்."

சின்னவளின் முகம் மாறியது. "எப்படி? நான் கரெக்டா திருப்பினேனே!"

"மெத்தையில காத்து இல்ல."

பத்திரிகைக்காரர் நிமிர்ந்தார். "காத்து எப்படிங்க போச்சு?"

வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. பெரியவள் வாயைத் திறந்தாள்.

"நான் கை விட்டுப் பாக்கல" என்றாள்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருந்தன்மைக்கும் அவளுக்கும் அன்றைக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. வாயைத் திறந்த அந்த நொடியில் அவளுக்கு ஒன்று உறைத்தது. தங்கை செய்தாள் என்று சொன்னால், அந்தப் படுக்கையில் நடந்ததற்குப் பொறுப்பு தங்கை என்று ஆகிவிடும். நாலு பக்கத்தில் அதுவும் அவளுடைய கதையாக வரும். புகழ் அவளுக்கு, 'என் பொண்ணு' அவளுக்கு, சுவர் அவளுக்கு. போகட்டும். அந்தக் கட்டில் மட்டும் பெரியவளுடையது. அதில் புண் வராமல் இருந்தது அவளால் என்றால், வந்ததும் அவளால்தான். அதைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

சின்னவள் அதற்குள் அறைக்குள் ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது விரல் நுனியில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது நான் ஒட்டினது."

"தெரியும்."

"சத்தத்தையும் நான்தான் நிறுத்தினேன். கட்டிலை இழுத்ததும் நான்."

"இப்ப உன்னை யாரு கேட்டா?"

"அப்புறம் ஏன் நீ பண்ணினேன்னு சொல்ற?"

"படுக்கை என் பொறுப்பு. நீ கட்டிலை இழுப்பே, கவுத்துப் போடுவே. காத்து இருக்கான்னு பாக்க வேண்டியவ நான். பாக்கல."

"பாக்கச் சொன்னது என்னைத்தானே!"

"உனக்கு என்னடி தெரியும் பாக்க?"

"அதான், தெரியாம தப்புப் பண்ணினது நான்னு சொல்றேன்!"

"தப்புகூடத் தனியாப் பண்ணத் தெரியாது உனக்கு. போடி!"

"தப்பைக்கூடக் குடுக்க மாட்டியாக்கா? அதையும் நீயே வெச்சுக்கணுமா?"

பத்திரிகைக்காரர் இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்குப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குற்றத்துக்கு இப்படி அடித்துக்கொள்கிறவர்களை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "அங்க என்னங்கடி சந்தை? பெரியவளே! காது அடைச்சுப் போச்சா? கையை அடியில வெச்சுச் சாய்ச்சுட்டுப் போயிட்டியே, மரத்துப்போச்சு! அறிவு இருக்கா உனக்கு? தடிக்கழுதை!"

உண்மைதான். வாக்கியம் செய்கிற அவசரத்தில் அம்மாவின் இடது கையை அடியில் விட்டுவிட்டாள். பெரியவள் ஓடிப்போய்க் கையை எடுத்துவிட்டாள். அதற்கும் இரண்டு வசை வாங்கினாள்.

சின்னவள் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். வலது காது அறைப் பக்கம் இருந்தது.

"என்னை அம்மா திட்டி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றாள்.

"உன்னை ஏன் திட்டணும்? நீதான் தங்கமாச்சே."

"தங்கம் இல்லக்கா. விருந்தாளி. விருந்தாளியை யாரு திட்டுவா? மேல் தட்டுல இருக்குற பீங்கான் தட்டை எனக்கு எறக்கி வைக்கச் சொல்றாங்க. நீ எதுல சாப்பிடறே?"

"சில்வர் தட்டுல."

"சின்ன வயசுல நானும் அதுலதான் சாப்பிட்டேன். கேட்டேன், அம்மா குடுக்க மாட்டேங்கிறாங்க." சின்னவள் டேப்பை உருட்டிப் பந்தாக்கினாள். "உன்னைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

இத்தனை வருஷத்தில், எரிகிற வயிறு தன்னுடையது ஒன்றுதான் என்று பெரியவள் நினைத்திருந்தாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். கொஞ்சம் நிதானமாக, ரசித்துத் தட்டினாள்.

அம்மாவைப் படுத்த நிலையிலேயே சின்னவள் படம் எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் வழக்கம் போலக் கேட்டாள். "எடுக்கலாமாம்மா?" அம்மா தலைமுடியை ஒதுக்கிவிடச் சொன்னாள். ஒதுக்கிவிட்ட கை பெரியவளுடையது.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் கிளம்பிவிட்டாள். புதிதாகச் சண்டை மூண்ட இடம், ஆள் வேண்டும் என்று தந்தி போலச் சுருக்கமாக ஒரு செய்தி வந்தது, போய்விட்டாள். சட்டையைக் கதவிலிருந்து எடுக்கும்போது இந்தத் தடவை கொக்கி அசையவில்லை.

பத்திரிகை வந்தது. நாலு பக்கம் என்றவர்கள் ஆறு பக்கம் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அம்மா ஒருக்களித்துப் படுத்து நேரே பார்க்கிறாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையும், நெற்றி முடியை ஒதுக்குகிற நாலு விரலும். கீழே 'புகைப்படக் கலைஞரின் தாய், வீட்டில்' என்று போட்டிருந்தது. முழங்கையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்ணிடம் அம்மா அதைக் காட்டினாள். "என் பொண்ணு எடுத்தது."

"இந்தக் கை யாரோடதும்மா?"

"அதுவா? இவளோடது. இவ இங்கதான் இருக்கா."

பெரியவளுக்கு எரியத்தான் செய்தது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறு வேலை இருந்தது. சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. அம்மாவை மல்லாக்கப் படுக்கவிடாமல் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று மாற்றிக்கொண்டே இருந்தாள். தேய்க்கவில்லை, களிம்பு பூசி ஊறவிடவில்லை. காய்ந்த தோலும் காற்றும்தான் மருந்து. மெத்தைக்கு அடியில் கையை விடுவது இப்போது காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை.

சின்னவள் தினமும் போன் செய்தாள். பின்னால் எங்கேயோ இடி இடிப்பது போல் கேட்கும். இடி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். "எப்படியிருக்குக்கா?"

"இருக்கு."

"குறைஞ்சிருக்கா?"

"நான் பாத்துக்கிறேன்."

"ஒரு படம் எடுத்து அனுப்பேன்."

"என் கைக்கு அது ஆகாது."

"போனைக் கிட்டக் கொண்டுபோய் எடு. வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முதல்ல அம்மாவைக் கேளு. கேக்காம எடுக்காதே."

கடைசியில் ஒரு நாள் காலை விரலை வைத்து அழுத்தினாள். தோல் வெளுத்தது, மெதுவாகப் பழைய நிறத்துக்குத் திரும்பியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வெளுத்தது. அப்போதுதான் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

"போயிடுச்சு" என்றாள்.

"நிஜமாவா? படம், படம்!"

பெரியவள் அம்மாவிடம் கேட்டாள். "உன் முதுகை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"முதுகையா? எடுத்துக்கோ. மூஞ்சியை மட்டும் எடுத்துடாதே. உன் கைக்குத் தலை வராது."

போனில் சின்னவள் சிரித்தாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்து, அனுப்பி, அம்மாவுக்கும் காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"என்னடி இது? மூட்டமா இருக்கு. கை நடுங்கியிருக்கு. அறுபது வயசுக்கு ஒரு படம் ஒழுங்கா எடுக்கத் தெரியல. எதைத்தான் உருப்படியா செஞ்சிருக்கே நீ?"

"உன் முதுகை" என்றாள் பெரியவள்.

"வாய் மட்டும் கோணல் இல்லாம வருது. கழுதை!"

போனில் சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, என்னையும் ஏதாவது சொல்லேன்."

"உன்னை என்ன சொல்ல கண்ணு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

இடி போல ஒன்று கேட்டது. பெரியவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீ எங்க உட்கார்ந்திருக்கே?"

"உள்ளதான். ஜன்னல் பக்கம் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, என்னை ஒரே ஒரு தடவை திட்டச் சொல்லேன் அம்மாவை. நீ சொன்னா கேப்பாங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பெரியவள். "வேணும்னா வந்து மாசக்கணக்கா இருந்து வாங்கிக்கோ. சும்மா போன்லயெல்லாம் கிடைக்காது."

"அங்க இன்னும் என்னடி பேச்சு?" அம்மா கத்தினாள். "இடுப்பு வலிக்குது, திருப்புடி என்னை! சொன்னா ஒரு வேலை உடனே நடக்குதா இந்த வீட்டுல?"

பெரியவள் போனை அணைக்கப் போனாள். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. பிறகு அணைக்காமல், அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில், தலையணை மேல் நிமிர்த்தி வைத்தாள். எல்லாம் நன்றாகக் கேட்கட்டும். கேட்டு அங்கே ஒருத்திக்கு வயிறு எரியட்டும். இரண்டு கையையும் அம்மாவின் முதுகுக்கு அடியில் கொடுத்து, வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகத் திருப்பினாள்.